சட்டையில் ஒட்டியிருந்த தோல்

பாஜிலா அவிப்பதற்குப் பெரிய கைப்பக்குவம் எதுவும் வேண்டாம். நம்முடைய அவரைக்கொட்டைக்கு அண்ணன் மாதிரி, மண்ணிறத்தில், தட்டையாக, பெருவிரல் நகத்தை விடப் பெரிதாக இருக்கும் காய்ந்த கொட்டை அது. முதல்நாள் காலையிலேயே தண்ணீரில் போட்டுவிட வேண்டும். இடையில் தண்ணீரை மாற்ற வேண்டும். மறுநாள் பானையில் போட்டு, கொட்டைக்கு மேலே நிற்கும்படி தண்ணீர் விட்டு, காய்ந்த தேசிக்காய்களை, எலுமிச்சையைத்தான் சொல்கிறேன், கத்தி நுனியால் குத்திப் போட்டு, செத்தல் மிளகாயைக் கிள்ளிப் போட்டு, மெல்லிய நெருப்பில் விட்டுவிடலாம். குக்கரில் வைத்தால் தோல் வெடித்துக் களியாகிவிடும். உப்பு கடைசியில்தான். முதலே போட்டால் தோல் இறுகிவிடும். வெந்ததும் ஒவ்வொன்றாக எடுத்து, நுனியைக் கடித்துப் பிதுக்கினால் உள்ளே இருக்கும் மாவு வாய்க்குள் வந்து விழும், தோல் கையில் மிஞ்சும். காலிமுகத்திடலில் அவித்த கடலை கொறிப்பது போல, ஆறுதலாக இருந்து சாப்பிடுகிற சாமான்.

நான் இதைப் பழகியது குவைத்தில், வீட்டு வேலைக்குப் போன இடத்தில். கொழும்பில், கொட்டாஞ்சேனையில் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். அதற்குப் பிறகு படித்ததெல்லாம் பிறத்தியாருடைய குசினிகளில்தான். அந்த வீட்டுக்காரி கெட்டவள் என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு கரண்டி காணாமல் போனாலும் முதலில் என் பெட்டியைத்தான் திறந்து பார்ப்பாள். நானும் பக்கத்தில் நின்று உடுப்புகளை ஒவ்வொன்றாக உதறிக் காட்டுவேன். கரண்டி பிறகு சோபாவுக்குக் கீழே கிடக்கும். அப்படியே இருந்து இருந்து, யாராவது என் பக்கம் திரும்பினாலே எதையோ தேடுகிறார்கள் என்று நினைக்கும் புத்தி எனக்கு வந்துவிட்டது. ஊருக்கு வந்த பிறகும் அது போகவில்லை. கதவைப் பூட்டிவிட்டு லிஃப்ட் வரை போவேன். திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பேன். காஸை மூடினேனா என்று பிறகும் ஒரு சந்தேகம் வரும்.

வந்து இறங்கியது வெள்ளவத்தையில், தம்பியின் ஃபிளாட்டில். கடல் பக்கம் ஒரு பல்கனி, ரயில் போனால் கண்ணாடி அதிரும். தம்பியும் அவன் மனைவியும் வேலைக்குப் போகிறவர்கள். அவளும் நானும் ஒருவரை ஒருவர் மச்சாள் என்றே கூப்பிட்டுக்கொள்வோம். அவர்களுக்கு ஒரே ஒரு பெடியன், அப்போதுதான் கதைகள் சொல்லத் தொடங்கியிருந்த வயது. பகலில் அவனைப் பார்த்துக்கொள்வது நான். அதுதான் அந்த வீட்டில் எனக்கு இருந்த இடம். யாரும் அப்படி வாய்விட்டுச் சொன்னதில்லை. ஆனால் அவனை டே கெயாரில் விடலாம் என்று ஒரு கதை எழும்பினால், அதற்குப் பிறகு நான் அந்த வீட்டில் எதற்கு என்ற கேள்வியும் எழும்பும் என்று எனக்குத் தெரியும். எனக்குப் போக வேறு வீடு இல்லை.

குவைத்தில் என்னோடு வேலை செய்த ஒருத்தி இப்போது மாளிகாவத்தையில் இருக்கிறாள். அவளுடைய மகன் அங்கிருந்து லீவில் வரும்போதெல்லாம் பாஜிலாவும் காய்ந்த தேசிக்காயும் கொண்டுவருவான். அதில் ஒரு பை எனக்கு வரும். வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டில் மரக்கறிதான். அதனால் வெள்ளிக்கிழமைகளில் நான் பாஜிலா அவிப்பேன்.

முதன்முதலாக அதைத் தண்ணீரில் போட்ட அன்றே மச்சாளின் முகம் மாறியது. பாத்திரத்துக்குள் எட்டிப் பார்த்தாள், போனை எடுத்துக்கொண்டு அறைக்குள் போனாள், நெடுநேரம் வெளியே வரவில்லை. பிறகு வந்து, காஸ் இப்போது இருக்கிற நிலைமையில் இவ்வளவு நேரம் அடுப்பு எரிய வேண்டுமா என்று கேட்டாள். நியாயம்தான் என்று நினைத்தேன். அடுத்த முறை, தேசிக்காய் மணம் தலையிடி தருகிறது என்றாள். அதற்கடுத்த முறை, பெடியனுக்குக் கொடுக்க வேண்டாம், வாய்வு, வயிற்றுக்கு ஒத்துவராது என்றாள். சரி என்று நானும் அவனுக்குக் கொடுத்ததில்லை. ஆனால் காரணம் ஒவ்வொரு முறையும் மாறியதை நான் கவனித்தேன். உண்மையான காரணம் ஒன்று இருந்தால் அதையே திரும்பத் திரும்பச் சொல்லியிருப்பாளே?

ஒரு கோப்பையில் போட்டு அவளுக்கென்று மூடி வைத்தேன். அது குப்பைக் கூடையில், பேப்பரில் சுற்றப்பட்டு, தேயிலைச் சக்கைக்குக் கீழே கிடந்தது. சாப்பிடப் பிடிக்கவில்லை என்றால் சும்மா கொட்டலாம். எதற்குப் பேப்பர்? எதற்குத் தேயிலைச் சக்கைக்குக் கீழே?

அதற்குப் பிறகு எல்லாமே என் கண்ணில் பட்டன. பூச்சி வராமல் இருக்க என் உடுப்புகளுக்குள் போட்டிருந்த வெள்ளை உருண்டைகள் ஒருநாள் காணாமல் போயின. என் அலுமாரியை யாரோ திறந்திருக்கிறார்கள். கேட்டேன். மணம் பிடிக்கவில்லை, எறிந்துவிட்டேன் என்றாள். என் சீலைகளை எல்லாம் அவளே எடுத்துத் தோய்த்தும் போட்டிருந்தாள். என் உடுப்பை அவள் ஏன் தோய்க்க வேண்டும்? பெடியனுக்குக் காய்ச்சல் வந்தால் நான் எந்த மருந்தையும் தொடக் கூடாது, ஆபீசுக்குப் போன் எடுக்க வேண்டும். கொட்டாஞ்சேனையில் இருந்து அவளின் தாய் வந்தால் இருவரும் அறைக்குள் குசுகுசுப்பார்கள், நான் தேத்தண்ணீர் கொண்டுபோனால் கதை நின்றுவிடும். தாய்க்காரி என்னைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டு, குசினிக்குள் வந்து பானை மூடிகளைத் தூக்கிப் பார்ப்பார்.

நான் என்ன நினைத்தேன் என்பதை மறைக்காமல் சொல்கிறேன். அரபு நாட்டில் வேலை செய்து வந்தவளின் கை சுத்தமில்லை என்று நினைக்கிறார்கள் என்று முதலில் நினைத்தேன். பிறகு அதையும் தாண்டி, சாப்பாட்டில் ஏதோ மருந்து வைத்துத் தம்பியையும் பெடியனையும் என் பக்கம் இழுத்துவிடுவேன் என்று பயப்படுகிறார்கள் என்றே முடிவுகட்டினேன். டே கெயாரைப் பற்றித்தான் அறைக்குள் கதைக்கிறார்கள் என்றும் நம்பினேன். தம்பியிடம் கேட்கலாம்தான். கேட்டால், அப்படி ஒன்றும் இல்லை அக்கா என்பான். அவன் சின்ன வயதிலேயே பொய் சொல்லும்போது காதைச் சொறிவான். இப்போது காதைச் சொறிகிறானா என்று பார்க்கவும் எனக்குப் பயமாக இருந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை பாஜிலாவை வடித்து, தட்டில் ஆற வைத்து, முன்னறையில் நிலத்தில் இருந்து சாப்பிட்டேன். பெடியன் பக்கத்தில் தன் பஸ்களை வரிசையில் விட்டு விளையாடிக்கொண்டிருந்தான். தோல்களை ஒரு சின்னக் கோப்பையில் போட்டுக்கொண்டு வந்தேன். கடல் பக்கம் இருட்டிக்கொண்டு வந்தது, மழை வரப்போகிறது என்று பல்கனியில் கிடந்த உடுப்புகளை எடுக்க எழும்பினேன். எடுத்துக்கொண்டு திரும்பியபோது முன்கதவு திறந்திருந்தது. மச்சாள் வாசலில் செருப்போடு நின்றாள். தலையிடி என்று அரைநாள் லீவு போட்டு வந்திருக்கிறாள். அவள் என்னைப் பார்க்கவில்லை. பெடியனின் சட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நெஞ்சுப் பக்கத்தில், பொத்தானுக்கு அருகில், ஒரு பாஜிலாத் தோல் ஒட்டிக்கொண்டிருந்தது.

கைப்பையை அப்படியே கீழே போட்டுவிட்டு அவனைத் தூக்கினாள். வாயைத் திறக்கச் சொல்லி விரலை உள்ளே விட்டுத் துழாவினாள். அவன் அழத் தொடங்கினான்.

"குடுத்தனீங்களோ மச்சாள்?"

"என்னத்தை?"

"இந்தக் கொட்டையை. எத்தினை குடுத்தனீங்கள்?"

"நான் ஒண்டும் குடுக்கேல்லை. நீர் வேண்டாமெண்டு சொன்னனீர் தானே."

"அப்ப தோல் எப்பிடி வந்தது?"

எப்படி வந்தது என்று எனக்குத் தெரியவில்லை. என் கையிலிருந்து விழுந்திருக்கலாம் என்றேன். அவள் நம்பவில்லை. அந்தப் பார்வையை நான் வேறு ஒரு குசினியில், வேறு ஒரு முகத்தில் பார்த்திருக்கிறேன். பெட்டி திறக்கப்படும்போது வருகிற பார்வை. எனக்குள் இவ்வளவு நாளும் அடக்கி வைத்திருந்தது எல்லாம் ஒன்றாக வந்தது.

"நான் என்ன, நஞ்சு வைக்கிறவளே? நேர சொல்லும். அலுமாரியைத் திறந்து பாக்கிறீர், சாப்பாட்டைக் குப்பையில போடுறீர். என்னை வீட்டை விட்டு அனுப்பிறதெண்டா நேர சொல்லும்."

அவள் பெடியனை இறுக்கிப் பிடித்தபடி சோபாவில் இருந்துவிட்டாள். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை.

"உங்களுக்கில்லை மச்சாள். இவனுக்குத்தான் அது நஞ்சு," என்றாள்.

பிறகு சொன்னாள். நான் ஊருக்கு வருவதற்கு முன்பு பெடியனுக்கு ஒருமுறை கண் மஞ்சளாகி, மூத்திரம் பிளேன்டீ நிறத்தில் போயிருக்கிறது. ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்துவிட்டு, இரத்தத்தில் ஏதோ ஒரு சத்து பிறப்பிலேயே குறைவு என்று சொல்லியிருக்கிறார்கள். இங்கிலிஷ் எழுத்துகளுக்கு நடுவே ஓர் இலக்கமும் வருகிற பெயர். சில மருந்துகள் கூடாது. உடுப்புக்குள் போடும் அந்த வெள்ளை உருண்டைகளின் மணம் கூடாது. இந்தக் கொட்டை கூடவே கூடாது. சாப்பிட்டால் இரத்தம் உடைந்துபோகும். அந்தக் கொட்டை நம்முடைய வீடுகளில் சமைக்கிற சாமான் இல்லை, அதைப் பற்றி யோசிக்க வேண்டாம் என்று டொக்டர் சொல்லியிருக்கிறார். அவள் யோசிக்கவும் இல்லை, நான் ஒரு பை நிறையக் கொண்டுவந்து தண்ணீரில் போடும் வரைக்கும். அன்றைக்குப் போனோடு அறைக்குள் போனது அந்தக் கொட்டையின் படத்தைத் தேடிப் பார்க்கத்தான்.

"இதை ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

அவள் நிலத்தைப் பார்த்தபடி சொன்னாள். அவளுடைய தங்கைக்குக் கலியாணம் பேசி வருகிறார்கள். இந்தக் குறை தாய் வழியாகத்தான் வருமாம். இரத்தத்தில் நோய் இருக்கிற குடும்பம் என்று ஒரு சொல் வெளியே போனால் அந்தச் சம்பந்தம் நின்றுவிடும் என்று தாய்க்காரி, கலியாணம் முடியும் மட்டும் யாருக்கும் மூச்சு விடக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருக்கிறார். என் தம்பியிடமும்.

"நீங்கள் பயந்த ஆள். பயந்தா எல்லாருக்கும் சொல்லிப்போடுவீங்கள் எண்டு அம்மா சொன்னவா," என்றாள்.

ஆக, என் கையைச் சந்தேகிக்கவில்லை. என் வாயைச் சந்தேகித்திருக்கிறார்கள். எது மோசம் என்று எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை.

ஆனால் அதை யோசித்துக்கொண்டிருக்க நேரம் இருக்கவில்லை. அவள் டொக்டருக்குப் போன் எடுத்தாள். சாப்பிட்டானா இல்லையா என்று உறுதியாகத் தெரியாவிட்டால் கவனமாகப் பாருங்கள், நிறையக் குடிக்கக் கொடுங்கள், மூத்திரத்தின் நிறமோ கண்ணின் நிறமோ மாறினால், பிள்ளை சோர்ந்தால், உடனே கொண்டுவாருங்கள், மாற்றம் தெரிய ஒருநாள் இரண்டுநாள் செல்லலாம் என்றாராம். மச்சாள் என்னைப் பார்த்தாள். இன்னும் ஒருமுறை கேட்டாள், இந்த முறை கோபமில்லாமல், கெஞ்சுவது போல.

"கோவிக்க மாட்டன். ஒண்டே ஒண்டு குடுத்திருந்தாலும் சொல்லுங்கோ."

"இல்லை," என்றேன். குரல் திடமாகத்தான் வந்தது. சொல்லி முடித்த பிறகுதான் எனக்குள் அது தொடங்கியது. நான் கொடுக்கவில்லை. சரி. ஆனால் பல்கனிக்குப் போனேனே. எவ்வளவு நேரம் நின்றேன்? போர்வை கம்பியில் சிக்கிக்கொண்டது, அதை இழுத்துக்கொண்டு நின்றேன். தட்டு நிலத்தில் இருந்தது. அவன் கைக்கு எட்டும் தூரம். திரும்பி வந்தபோது அவன் வாய் அசைந்ததா? தோல் கோப்பையில் இருந்த தோல்களை எடுத்துப் பார்த்தேன். எல்லாம் என் பல்லுப் பட்டவை போலத்தான் இருந்தன. ஒன்றில் மட்டும் கடி சின்னதாகத் தெரிந்தது. அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். என் கடி என்றும் சொல்லலாம், அவன் கடி என்றும் சொல்லலாம். அவனையே கேட்டோம். ஓம், சாப்பிட்டேன் என்றான். பஸ்ஸையும் சாப்பிட்டாயா என்று, செய்தி கேட்டு வேலையால் வந்திருந்த தம்பி கேட்டான். அதற்கும் ஓம் என்றான்.

குவைத்து வீட்டுக்கு, வீட்டுக்காரியின் தங்கை மகன் ஒருவன் வருவான். பாஜிலா வைக்கும்போது அவனுக்கு மட்டும் ஒரு தட்டில் கடலை தனியாக வரும். செல்லம் கொடுத்துக் கெடுத்த பிள்ளை, இதைத் தின்ன மாட்டானாம் என்று நான் நினைத்துக்கொள்வேன். யாரும் எனக்குக் காரணம் சொன்னதில்லை. வேலைக்காரிக்கு ஏன் சொல்ல வேண்டும்? அந்தத் தட்டு இப்போது திரும்பத் திரும்பக் கண்ணுக்குள் வந்தது.

அந்தச் சனி, ஞாயிறு முழுக்க நாங்கள் இரண்டு பெண்களும் பாத்ரூம் வாசலில்தான் நின்றோம். பெடியன் மூத்திரம் போகிற வெள்ளைப் பிளாஸ்டிக் சட்டியை ஜன்னலடியில் வைத்து, அவன் இருந்து எழும்பியதும் இருவரும் குனிவோம். அவள் வைக்கோல் நிறம் என்பாள். எனக்குக் கொஞ்சம் கடுமையாகத் தெரியும். வெளிச்சத்தை மறைக்கிறீர்கள், தள்ளி நில்லுங்கள் என்பாள். அவளும் என்னை முழுதாக நம்பவில்லை, நானும் என்னை நம்பவில்லை. அதில் ஒற்றுமையாகத்தான் இருந்தோம். பக்கத்தில் பக்கத்தில் குனிந்து நிற்கும்போது அவள் தோள் என் தோளில் இடித்தது. அந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து நாங்கள் அவ்வளவு நெருங்கி நின்றதில்லை.

"ரெண்டு பேரும் இப்பிடிப் பரீட்சை மேற்பார்வைக்கு நிண்டா அவனுக்கு எப்பிடி வரும்?" என்று தம்பி கேட்டான். யாரும் சிரிக்கவில்லை. அவனோடு நான் அந்த இரண்டு நாளும் அதிகம் கதைக்கவில்லை. எல்லாம் தெரிந்திருந்தும் எனக்குச் சொல்லாமல் இருந்தவன்.

பெடியனுக்கு மட்டும் அது திருவிழா. தாகமில்லாவிட்டாலும் தண்ணீர் கேட்டான். சட்டியில் இருந்துகொண்டு, "மாமி, பாக்க வாங்கோ," என்று கூப்பிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் அவனுக்குத் தெம்பிலி இளநீர் வாங்கிக் கொடுப்பதற்காக மூவரும் கீழே இறங்கினோம். லிஃப்ட் அடுத்த மாடியில் நின்று, ஓர் அம்மா ஏறினார். எங்கள் கட்டடத்தில் எல்லார் வீட்டுக் கலியாணக் கதையும் அறிந்தவர். மச்சாளின் தங்கைக்குப் பார்த்திருக்கிற மாப்பிள்ளையின் தாயோடு ஒரே கோயிலுக்குப் போகிறவர். பெடியன் அவரை அண்ணாந்து பார்த்து, பெரிய செய்தி சொல்வது போலச் சொன்னான்.

"அம்மாவும் மாமியும் என்ர சூவைப் பாக்கினம். மஞ்சளோ எண்டு பாக்கினம்."

மச்சாளின் கை என் கையைப் பிடித்தது. அந்த அம்மா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். ஏன், பிள்ளைக்கு என்ன வருத்தம், டொக்டரிடம் காட்டினீர்களா என்று கேட்டார். அந்த "ஏன்" நீளமாக இருந்தது.

நான் சிரித்தேன். எப்படிச் சிரித்தேன் என்று எனக்கே தெரியாது.

"வருத்தம் ஒண்டுமில்லை அன்ரி. இந்த வெயிலுக்கு ஒரே பஸ் ஓட்டிக்கொண்டு தண்ணியே குடிக்கிறானில்லை. சூடு. மஞ்சளாப் போனா ஊசி போடுவினம் எண்டு நான்தான் வெருட்டி வைச்சிருக்கிறன். அதைத்தான் ஊர் முழுக்கச் சொல்லித் திரியிறான்."

அவரும் சிரித்தார். தன் பேரனும் அப்படித்தான் என்றார். வெந்தயம் ஊறவைத்துக் கொடுக்கச் சொன்னார். லிஃப்ட் கீழே வந்துவிட்டது, அவர் போய்விட்டார். அவர் கேட் தாண்டும் வரை மச்சாள் என் கையை விடவில்லை. தெம்பிலிக்காரன் வெட்டிக் கொடுத்ததை முதலில் என்னிடம் நீட்டினாள். நீங்கள் குடியுங்கோ என்றாள்.

அன்று பின்னேரமும் நிறம் மாறவில்லை. கண்ணும் வெள்ளையாகவே இருந்தது. திங்கட்கிழமை காலையிலும் வைக்கோல் நிறம்தான், அதை நானும் ஒத்துக்கொண்டேன். அவன் சாப்பிடவில்லை. தோல் என் கையிலிருந்துதான் விழுந்திருக்கிறது.

திங்கட்கிழமை அவள் வேலைக்குப் போவாளா, பெடியனையும் எங்கேயாவது கொண்டுபோவாளா என்று காலையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பையைத் தோளில் போட்டாள். அவனை முத்தமிட்டாள். மருந்துகள் இருக்கும் அலுமாரியைத் திறந்து, எதைத் தரலாம், எதைத் தொடவே கூடாது என்று எனக்கு ஒவ்வொன்றாகக் காட்டினாள். அந்த அலுமாரியின் சாவியைப் பூட்டிலேயே விட்டாள். இவனைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று வழக்கமாகச் சொல்வதைக்கூடச் சொல்லவில்லை. போய்விட்டாள்.

எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வந்தது, அரைமணி நேரம் போல இருந்தது. பிறகு வேறு ஒன்று வந்தது. லிஃப்டில் நான் சொன்ன பொய்யை அவள் பக்கத்தில் நின்று கேட்டவள். இவ்வளவு சுலபமாக, சிரித்துக்கொண்டு, யோசிக்காமல் பொய் சொல்லத் தெரிந்த ஒருத்தி, "நான் குடுக்கேல்லை" என்று சொன்னதை அவள் இப்போது எப்படி நினைத்துப் பார்ப்பாள்? பஸ்ஸில் இருந்துகொண்டு அதைத்தான் யோசிப்பாளோ? பின்னேரம் வந்ததும் அவள் முகத்தைப் பார்த்தேன். களைப்புத்தான் தெரிந்தது. களைப்புக்குப் பின்னால் வேறு ஏதும் இருக்கிறதா என்று இரண்டாம் முறையும் பார்த்தேன்.

மிச்சப் பாஜிலாவை மாளிகாவத்தைக்கே திருப்பிக் கொடுத்துவிட்டேன். அவித்த பானையையும் சேர்த்துத்தான். எதற்குப் பானை என்று அந்தச் சிநேகிதி கேட்டாள். ஓட்டை என்றேன். அதுவும் பொய். தங்கைக்காரியின் கலியாணம் நடக்கும் மட்டும் இன்னும் எத்தனை சொல்ல வேண்டியிருக்கிறதோ தெரியாது. அந்த மாப்பிள்ளை வீட்டாரை நினைத்தால் எனக்கு நெஞ்சு இடிக்கிறது. அவர்களுக்குச் சொல்லாமல் விடுகிறவர்களில் நானும் ஒருத்தியாகிவிட்டேன். ஒருநாள் இதை மச்சாளிடம் சொன்னேன். எனக்கும் அப்படித்தான் மச்சாள் என்றாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை புதுப் பானையில் கடலை அவித்தேன், அதே காய்ந்த தேசிக்காய், அதே செத்தல் மிளகாய். மச்சாள் குசினிக்குள் வந்து மூடியைத் தூக்கினாள். கரண்டியால் கொஞ்சம் அள்ளி, ஜன்னல் பக்கம் கொண்டுபோய், வெளிச்சத்தில் கிளறிப் பார்த்தாள். பிறகு ஒன்றை வாயில் போட்டாள். அடுத்ததை ஊதி ஆற்றிப் பெடியனின் வாயில் வைத்தாள்.

முன்பென்றால் அந்தப் பார்வைக்கு ஒரு கிழமை சாப்பிடாமல் இருந்திருப்பேன். அன்றைக்கு எனக்கு அது உறைக்கவில்லை. அடுப்பில் வைப்பதற்கு முன்பு அந்தக் கடலை முழுவதையும் சுளகில் பரப்பி, ஒன்றிரண்டு பாஜிலா எப்படியாவது கலந்திருக்குமோ என்று நானே பொறுக்கிப் பார்த்திருந்தேன். ஒன்றும் இருக்கவில்லை. ஆனாலும் அவள் பார்த்தது நல்லது.